32-இடம் தோற்ற 64

1996 ஜூன் 23 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிண்டெண்டோ 64, பெயரிலேயே ஓர் எண்ணைத் தாங்கி வந்தது. எதிரில் நின்ற சோனியின் பிளேஸ்டேஷன் 32 பிட் இயந்திரம். இது 64 பிட், அதாவது இரண்டு மடங்கு என்று கடைக்கு வருபவர் தானாகவே கணக்குப் போட்டுக்கொள்வார் என்ற நம்பிக்கையில் வைக்கப்பட்ட பெயர் அது. அப்போதைய விளையாட்டுப் பத்திரிகைகளும் ரசிகர்களும் அந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். இன்றும் அதே சண்டைதான். பிட் போய், சிப்பின் கணக்கிடும் வேகத்தை அளக்கும் டெராஃப்ளாப் வந்திருக்கிறது, அவ்வளவே. ஆனால் சந்தை வேறு விதமாகப் போனது. பிளேஸ்டேஷன் உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேல் விற்றது; நிண்டெண்டோ 64 ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சத்தோடு நின்றது. ஒரு கன்சோல் நல்லதா என்பதை அதன் சிப்பின் வேகத்தில் தேடக்கூடாது, கேம் உருவாக்குபவர்களுக்கு அது எவ்வளவு இடம் விட்டது என்பதில்தான் தேட வேண்டும் என்பது என் வாதம். அதைச் சோதித்துப் பார்க்க இந்த இரண்டு இயந்திரங்களைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது.

முதலில் நிண்டெண்டோவுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடலாம். அந்த எண்ணில் பொய் இல்லை. நிண்டெண்டோ 64-இன் மையச் சிப் 93.75 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பிளேஸ்டேஷனுடையது சுமார் 34 மெகாஹெர்ட்ஸ்தான். வித்தியாசம் திரையிலேயே தெரியும். பிளேஸ்டேஷன் கேம் ஒன்றில் செங்கல் சுவரை ஒட்டி நடந்து பார்த்தால், செங்கல் வரிசைகளுக்கு நடுவே நேராக ஓட வேண்டிய கோடு நெளியும். கதாபாத்திரம் நகர நகரச் சுவரே தளும்பும். ஒரு பரப்பின் மேல் படத்தைப் பொருத்தும்போது அதன் எந்த முனை அருகில் இருக்கிறது, எந்த முனை தள்ளி இருக்கிறது என்பதை அந்தச் சிப் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. நிண்டெண்டோ 64 அதைச் சரியாகக் கணக்கிட்டது, ஓரங்களையும் மென்மையாக்கிக் கொடுத்தது. ஆனால் அதற்கும் ஒரு நோவு இருந்தது. சுவரிலும் தரையிலும் ஒட்டும் படங்கள் எல்லாம் 4 கிலோபைட் அளவுள்ள ஒரு சிறிய நினைவகம் வழியாகத்தான் போக வேண்டும். இந்தக் கட்டுரையின் ஒரு பத்தியைக் கணினியில் சேமிக்க ஏறத்தாழ அவ்வளவு இடம் பிடிக்கும். அதனால் சின்னப் படத்தை இழுத்துப் பெரிய சுவரில் போட்டார்கள். காட்சி மங்கிக் குழம்பியது. சக்தி கூடிய இயந்திரத்தில் மங்கல், குறைந்த இயந்திரத்தில் தெளிவும் நெளிவும். 64 என்ற எண் இதில் எதையும் சொல்லவில்லை.

உண்மையில் போட்டியைத் தீர்மானித்தது சிப் அல்ல, கேம் எதில் அடைத்து விற்கப்பட்டது என்பது. பிளேஸ்டேஷன் சிடியை எடுத்துக்கொண்டது. நிண்டெண்டோ, நம் ஊரில் டிவி கேம் வைத்திருந்த பிள்ளைகள் கேசட் என்று சொன்ன அந்தப் பிளாஸ்டிக் பெட்டியிலேயே நின்றுவிட்டது. ஒரு சிடியில் சுமார் 650 மெகாபைட் கொள்ளும். நிண்டெண்டோ 64 கேசட்டில் மிகப் பெரியதே 64 மெகாபைட். முதல் நாள் வந்த சூப்பர் மரியோ 64 வெறும் 8 மெகாபைட். கொள்ளளவைவிட முக்கியமானது பணம். சிடியை அச்சடிக்கும் செலவு மிகக் குறைவு. கேசட்டுக்குள் சிப் வைக்க வேண்டும் என்பதால் அதன் செலவு பல மடங்கு. கேசட்டைத் தயாரித்துக் கொடுப்பதும் நிண்டெண்டோதான். எத்தனை விற்கும் என்று தெரிவதற்கு முன்பே எத்தனை வேண்டும் என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிட வேண்டும். கூடுதலாகச் சொன்னால் கேசட்டுகள் கிடங்கில் தேங்கும். குறைவாகச் சொன்னால் கேம் சூடாக விற்கும் நேரத்தில் கடையில் சரக்கு இருக்காது. சிடி தீர்ந்துபோனால் விரைவில் மறுபடி அடித்துக்கொள்ளலாம். கேம் வெளியிடும் நிறுவனத்தின் இடத்தில் இருந்து யோசித்தால், எந்தப் பக்கம் துணிந்து புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்போம் என்பது உடனே புரியும்.

ஸ்கொயர் நிறுவனம் அந்த இடத்தில்தான் இருந்தது. அதன் ஃபைனல் ஃபேண்டஸி வரிசையின் முதல் ஆறு கதைகளும் நிண்டெண்டோ இயந்திரங்களுக்காகவே பிறந்தவை. ஏழாவது கதை 1997 ஜனவரியில் பிளேஸ்டேஷனில் வந்தது, அதுவும் மூன்று சிடிகளாக. கணினியில் முன்கூட்டியே தீட்டி வைத்த பின்னணிகளும் படம்போல் ஓடும் காட்சிகளும் அதில் நிறைந்திருந்தன. எந்தக் கேசட்டிலும் அதை அடைத்திருக்க முடியாது. ஜப்பானில் அதற்குச் சமமான செல்வாக்குள்ள டிராகன் குவெஸ்ட் வரிசையும் பின்னாலேயே சோனி பக்கம் போனது. இந்த இரண்டும் போன பிறகு, கதை சொல்லும் நீண்ட ஆட்டங்களை விரும்பியவர்களுக்கு நிண்டெண்டோ 64 வாங்கக் காரணமே இல்லாமல் போயிற்று. ஜப்பானில் அந்த இயந்திரம் வெளிவந்த அன்று அதற்கு இருந்தவை மூன்றே மூன்று கேம்கள், அதில் ஒன்று ஜப்பானியச் சதுரங்கம். வாழ்நாள் முழுவதும் சேர்த்தும் அது 400-ஐத் தொடவில்லை.

பெரிய பெயர்களைவிட எனக்கு முக்கியமாகப் படுபவை சின்ன, விசித்திரமான கேம்கள். மசாயா மட்சுரா என்ற இசைக்கலைஞர் 1996-இல் பாரப்பா தி ராப்பர் செய்தார்: காகிதத்தில் வெட்டியது போன்ற ஒரு நாய்க்குட்டி தாளத்துக்கு ராப் பாடுகிறது, நாம் பொத்தானைத் தாளத்துக்கு அழுத்த வேண்டும். தாள விளையாட்டு என்ற வகைக்கே வழி திறந்துவிட்டது அது. 1999-இல் அவர் செய்த விப்-ரிப்பனில் கறுப்புத் திரை, வெள்ளைக் கோடு, அதன் மேல் நடக்கும் கோட்டு முயல், வேறு ஒன்றும் இல்லை. கேம் முழுவதும் இயந்திரத்தின் நினைவகத்துக்குள் ஏறிக்கொள்ளும். பிறகு கேம் சிடியை வெளியே எடுத்துவிட்டு வீட்டில் இருக்கும் எந்தப் பாட்டு சிடியையும் உள்ளே போடலாம். அந்தப் பாட்டின் தாளத்துக்கும் வேகத்துக்கும் ஏற்பக் கோட்டில் பள்ளமும் திருப்பமும் முளைக்கும். மென்மையான மெல்லிசை போட்டால் முயல் நிதானமாக நடக்கும், அதிரடிப் பாட்டென்றால் தடுமாறி விழும். விப்-ரிப்பனுக்குச் சிப்பின் சக்தி தேவைப்படவில்லை. பாட்டு சிடியைப் படிக்கத் தெரிந்த இயந்திரமும், நஷ்டமானாலும் பரவாயில்லை என்று இப்படிப்பட்ட ஒன்றை வெளியிடும் அளவுக்குக் குறைந்த செலவும்தான் தேவைப்பட்டன. நிண்டெண்டோ 64-இல் இது பிறந்திருக்கவே முடியாது.

மறுபக்கத்தின் வலுவான பதில் சூப்பர் மரியோ 64-தான். நியாயமான பதில். முப்பரிமாண உலகில் ஓர் உருவத்தை எப்படி நகர்த்துவது என்பதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த கேம் அது. நிண்டெண்டோவின் கட்டுப்பாட்டுக் கருவியில் நடுவே ஒரு குட்டிக் குச்சி இருந்தது. லேசாகச் சாய்த்தால் மரியோ பூனை நடை நடப்பான், முழுக்கச் சாய்த்தால் ஓடுவான். தூங்கும் மாமிசச் செடி ஒன்று வழியில் இருக்கும். ஓடிப்போனால் விழித்துக் கடிக்க வரும், அடி மேல் அடி வைத்துப் போனால் தூங்கிக்கொண்டே இருக்கும். அப்போது பிளேஸ்டேஷன் கருவியில் நான்கு திசைப் பொத்தான்கள் மட்டும்தான். இரட்டைக் குச்சிகள் 1997-இல்தான் வந்தன. 1998-இல் வந்த ஸெல்டா: ஒகரினா ஆஃப் டைமில் கதவைத் திறந்தால் அடுத்த அறை கிட்டத்தட்ட உடனே விரியும், சிடி சுழன்று படிக்கும்வரை காத்திருக்கும் வேலை இல்லை. கேசட்டின் மெய்யான பலம் அது. தனியாக மெமரி கார்டு வாங்காமலே பல கேசட்டுகளில் ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ளவும் முடிந்தது. ஆனாலும் இந்த உச்சங்கள் எல்லாம் யாரிடமிருந்து வந்தன என்று கவனிக்க வேண்டும். நிண்டெண்டோவிடமிருந்தும், அதோடு ஒட்டி வேலை செய்த ரேர் போன்ற ஓரிரு கூடங்களிடமிருந்தும்தான் பெரும்பாலும் வந்தன. வீட்டுக்காரர் பிரமாதமாகச் சமைத்தார், மற்றவர்களுக்கு அடுப்பு கிடைக்கவில்லை. குச்சியின் பெருமையும் அந்தக் கருவியைச் சேர்ந்ததே தவிர, கேசட்டையோ 64 என்ற எண்ணையோ சேர்ந்தது அல்ல.

திறமை இருந்தால் கேசட்டிலும் எதையும் செய்யலாம் என்பார்கள். அதற்கு அவர்கள் காட்டும் சான்று உண்மையிலேயே வியக்கத்தக்கது. பிளேஸ்டேஷனில் இரண்டு சிடிகளில் வந்த ரெசிடென்ட் ஈவில் 2-ஐ, 1999-இல் ஏஞ்சல் ஸ்டுடியோஸ் என்ற அமெரிக்கக் குழு ஒரே 64 மெகாபைட் கேசட்டுக்குள் அடக்கியது. குரல்கள், படக்காட்சிகள் உட்பட. கேம் பொறியியல் வரலாற்றில் அதற்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சாதனையே என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. ஒரு குழுவின் முழுத் திறமையும் வேறொரு இயந்திரத்தில் ஏற்கெனவே இருந்த கேமை இங்கே கொண்டுவருவதில் செலவாயிற்று. விற்பனை எண்ணை வைத்துத் தரம் சொல்லலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். பத்துக் கோடி என்பதை நான் சான்றாக வைக்கவில்லை. ஒரே அலமாரியில் ஃபைனல் ஃபேண்டஸி 7-உம் கார் பந்தய ஆட்டமான கிரான் டூரிஸ்மோவும் விப்-ரிப்பனும் இருந்தன என்பதைத்தான் வைக்கிறேன். எல்லாம் அவரவர் ரசனை என்று விட்டுவிடுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. மரியோ பிடிக்குமா, கார் பந்தயம் பிடிக்குமா என்பது ரசனை. எந்த இயந்திரத்தில் எத்தனை வகை ஆட்டங்கள் பிறக்க முடிந்தது என்பது காரணம் காட்டிப் பேசக்கூடிய விஷயம்.

இதே அளவுகோலை இன்றைக்குக் கொண்டுவந்தால் பல சண்டைகள் வேறு மாதிரித் தெரியும். 2020 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 டெராஃப்ளாப், பிளேஸ்டேஷன் 5 அதற்கும் குறைவாக 10.28 என்று கணக்குப் போட்டு வாதிட்டவர்கள் ஏராளம். இப்போது எக்ஸ்பாக்ஸின் சொந்தக் கேம்கள் பல பிளேஸ்டேஷனிலேயே விற்கின்றன. சக்தியில் இரண்டுக்கும் கிட்டவே வராத நிண்டெண்டோ சுவிட்ச் 15 கோடியைத் தாண்டியது. ஆனால் சுவிட்ச் மறுபடியும் கேசட்டின் குட்டித் தம்பியான சிறு அட்டைக்குப் போனது, கொள்ளளவு கூடக் கூட அட்டையின் செலவும் கூடும் என்ற பழைய தொல்லையும் கூடவே திரும்பி வந்துவிட்டது. 2025-இல் வந்த சுவிட்ச் 2-க்கு வெளி நிறுவனங்கள் வெளியிடும் கேம்களில் பல, கேமே இல்லாத அட்டைகளாகக் கடைக்கு வருகின்றன. அட்டை வெறும் சாவி. கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். முழு விலை கொடுத்து வாங்கியவர் நியாயமாகவே கோபப்படுகிறார். 1996-இல் இப்படி ஒரு வழி இல்லாததால் வெளி நிறுவனங்கள் நிண்டெண்டோவை விட்டே போயின. இன்று அவை போகாமல் இருக்கின்றன, ஆனால் சேமிப்பகத்துக்கான செலவு வாங்குபவர் தலையில் விழுகிறது. சுவிட்ச் 2-இன் தரத்தைப் பேசுபவர்கள் அதன் சிப்பை விட்டுவிட்டு முதலில் இந்த அட்டையைப் பற்றித்தான் பேச வேண்டும்.