ஏழிசை ஏணி

குடியரசு நாள் காலையில் தாம்பரத்துப் பள்ளித் திடல் ஒன்றிற்குச் செல்வோமாயின், இனிய காட்சி ஒன்றைக் காணலாம். சீருடை அணிந்த மாணவர் குழு ஒன்று கொடிமரத்தின் அருகே அணிவகுத்து நிற்கும். சிலர் தோளில் முரசு. சிலர் கையில் புல்லாங்குழல். சிலர் கையில் பளபளக்கும் பித்தளைக் குழல்கள். கொடி விரிந்ததும் பாண்டு வாத்தியக் குழு நாட்டுப்பண்ணை இசைக்கும். அது முழுமையாக ஒலிப்பதற்கு ஆகும் காலம் ஏறத்தாழ 52 நொடிகளே. அதற்குள் ஒரே ஒரு மாணவன் ஒரு சுரத்தைப் பிழையாக ஊதினாலும், திடலில் நிற்கும் அனைவர் செவியிலும் அது முள்ளாய்த் தைக்கும்.

அப்பிழை நேராமல் காப்பது எது? நாள்தோறும் செய்த சுர வரிசைப் பயிற்சியே ஆகும். ஆயினும், பாண்டில் சேரும் மாணவர் முதலில் வெறுப்பதும் அதனையே. “பாட்டைக் கற்றுத் தாருங்கள், ஐயா! ஏறுவதும் இறங்குவதுமாகிய இப்பயிற்சி எதற்கு?” என்று கேளாதவர் மிகச் சிலரே. அக்கேள்விக்கு விடை காண்போம்.

சுர வரிசையை மேனாட்டார் ‘ஸ்கேல்’ என்பர். ஏணி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. ஏணியின் படிகளை நம் முன்னோர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என வழங்கினர். இன்று அவற்றைச் ச, ரி, க, ம, ப, த, நி என்கிறோம். இந்த ஏணியின் படிகள் யாவும் ஒரே உயரம் உடையன அல்ல. கீழ்ச் சட்சமத்திலிருந்து மேல் சட்சமம் வரையுள்ள இடைவெளியைப் பன்னிரண்டு சமபகுதிகளாகப் பிரித்துக்கொள்வோம். பாண்டில் முதலில் கற்பிக்கப்பெறும் ‘மேஜர்’ வரிசையில், காந்தாரத்திற்கும் மத்திமத்திற்கும் இடையே ஒரு பகுதியே உண்டு. நிஷாதத்திற்கும் மேல் சட்சமத்திற்கும் இடையேயும் ஒரு பகுதியே. ஏனைய ஐந்து இடங்களில் இரண்டிரண்டு பகுதிகள். இருளில் மாடிப்படி ஏறுபவன், எந்தப் படி உயரம் குறைந்தது என அறியாவிடின் இடறி விழுவான் அன்றோ? இசை பயில்வோன் நிலையும் அத்தகையதே.

வீட்டில் சரளி வரிசை பாடிப் பழகிய மாணவரும் இங்கே சற்றுத் தடுமாறுவர். சரளி வரிசை மாயாமாளவகௌளை என்னும் இராகத்தில் கற்பிக்கப்பெறுவது. அதில் ரிஷபமும் தைவதமும் ஒவ்வொரு பகுதி தாழ்ந்து நிற்கும். அவ்விரண்டையும் உயர்த்தினால் கிடைப்பது சங்கராபரணம். மேனாட்டாரின் மேஜர் வரிசையும் சங்கராபரணமும் அமைப்பால் ஒன்றே.

இவ்வுண்மையைப் பயன்கொண்ட பெரியார் ஒருவர் உண்டு. அவரே முத்துசாமி தீட்சிதர். இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த அவர், ஆங்கிலேயரின் பாண்டு இசையைக் கேட்டார். அம்மெட்டுகளை அயலார்க்கு உரியன என்று ஒதுக்கவில்லை. அவற்றிற்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். ‘நோட்டு சுரங்கள்’ என வழங்கும் அவை சுமார் நாற்பது. சங்கராபரணச் சுரங்களில் அமைந்த அவற்றுள் ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது பிரித்தானிய நாட்டுப்பண்ணின் மெட்டில் அமைந்ததாகும். படிகளின் அளவை அறிந்த செவிக்கு எந்நாட்டு இசையும் அந்நியம் அன்று என்பதை இதனால் உணரலாம்.

இனி, கருவிகளின் இயல்பைக் காண்போம். சென்னையின் தென்புறத்தில் வாழ்வோர்க்குப் பாண்டு இசை புதிதன்று. பரங்கிமலையில் 1963இல் தொடங்கப்பெற்ற படை அதிகாரிகள் பயிற்சி நிலையத்தின் நிறைவு விழாக்களில் இராணுவப் பாண்டு முழங்கும். 2024 அக்டோபர் 8இல் விமானப்படை நாள் அணிவகுப்பு தாம்பரம் விமானப்படைத் தளத்திலேயே நிகழ்ந்தது. இத்தகைய படைமுகாம்களில் பியூகிள் என்னும் சிறு கொம்பின் ஒலியும் கேட்கும். அதில் துளையும் இல்லை, வால்வும் இல்லை. குழலின் நீளம் மாறாதாகையால், உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ச, க, ப ஆகிய சுரங்களையே அதில் பெரிதும் எழுப்பலாம். முழு ஏணியில் ஏற அதனால் இயலாது.

டிரம்பெட்டில் மூன்று வால்வுகள் உண்டு. வால்வை அழுத்தினால் காற்றுச் செல்லும் வழி நீளும், ஒலி தாழும். இரண்டாம் வால்வு ஒரு பகுதியும், முதலாவது இரண்டு பகுதிகளும், மூன்றாவது மூன்று பகுதிகளும் தாழ்த்தும். பியூகிளில் இல்லாத படிகள் இவ்வாறே பிறக்கின்றன.

இங்கே ஒரு புதுமை உண்டு. பாண்டில் பெரிதும் வழங்கும் டிரம்பெட்டில், ஏட்டில் ‘சி’ என்று எழுதிய சுரத்தை ஊதினால், அது ஆர்மோனியத்தின் ஆறரைக் கட்டையாக ஒலிக்கும். ஆல்டோ சாக்சபோனில் அதே ‘சி’ இரண்டரைக் கட்டையாக ஒலிக்கும். மேனாட்டுப் புல்லாங்குழலில் மட்டும் எழுதியதே ஒலிக்கும். ஆதலின், ஆறரைக் கட்டையில் தொடங்கும் வரிசையை மூவரும் சேர்ந்து வாசிக்க வேண்டுமாயின், டிரம்பெட் மாணவன் ‘சி’ வரிசையையும், சாக்சபோன் மாணவன் ‘ஜி’ வரிசையையும், புல்லாங்குழல் மாணவி ‘பி பிளாட்’ வரிசையையும் வாசிக்க வேண்டும். விரல்கள் செல்லும் வழி மூன்று. எழும் இசை ஒன்று! பாட்டை மட்டும் விரலால் மனப்பாடம் செய்தவன், சுருதி மாற்றப்பெறும் நாளில் செய்வதறியாது நிற்பான். படிகளின் அளவை அறிந்தவனோ எச்சுரத்திலிருந்தும் ஏணியை நிறுத்தி ஏறுவான்.

பயிலும் முறையும் எளிதே. முதலில் சுருதிப் பெட்டியின் ஒலியோடு ஒரு சுரத்தை நெடுநேரம் ஊதி நிலைநிறுத்த வேண்டும். பின்னர் ஒவ்வொரு படியாக மெல்ல ஏறி, மெல்ல இறங்க வேண்டும். விரைவு தானே வரும். ஊதும்போது தன் ஒலியையும் பக்கத்தில் நிற்பவன் ஒலியையும் ஒருங்கே கேட்க வேண்டும். வால்வைச் சரியாக அழுத்தினும், உதடு தளர்ந்தால் சுரம் தாழ்ந்துவிடும். அதனைக் கண்டு திருத்த வல்லது செவி ஒன்றே.

நாட்டுப்பண்ணும் பெரும்பாலும் மேஜர் வரிசையின் சுரங்களிலேயே நடப்பது. ஆதலின், மாலைதோறும் சலிப்போடு ஏறி இறங்கிய அதே படிகள்தாம் கொடிமரத்தின் அடியில் பாட்டாக மலர்கின்றன. தன் குரலைப் பிறர் குரலோடு இசைவித்து நிற்பது எளிய செயல் அன்று. அதனைக் கற்றுத் தரும் ஏணியின் முதற்படியை எவரும் இகழாதிருப்பாராக!