பேசியவருக்குச் சிறை, விடுவித்தவருக்கு மாற்றல்

நெருக்கடி நிலையின்போது ரயில்கள் நேரத்துக்கு ஓடின என்று புகழும் அன்பர்களை நம் சங்கக் கூட்டங்களில் இன்றும் சந்திக்கிறேன். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒரு சந்தேகம். வண்டி தாமதம் என்று பத்திரிகையில் போடக் கூடாதென்றால், தாமதத்தை யார் கண்டது?

1975 ஜூன் 25 இரவு அந்த அறிவிப்பு வந்தபோது நான் ஆண்டர்சன்பேட்டையில் பள்ளி மாணவன். சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் டீக்கடையில் பத்திரிகையை உரக்கப் படித்து விவாதிப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த மாதங்களில் படிப்பு இருந்தது, விவாதம் இல்லை.

அதிகாரிகள் பார்த்து அனுமதித்த செய்தியைத்தான் அச்சிடலாம் என்பது உத்தரவு. மூன்றாம் நாளே, ஜூன் 28 அன்று, டெல்லி பிரஸ் கிளப்பில் சுமார் நூறு பத்திரிகையாளர்களைக் கூட்டி அதைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றினார் குல்தீப் நய்யார். விசாரணையின்றிச் சிறையில் அடைக்க வழிசெய்யும் மிசா சட்டத்தில் ஜூலை மாதம் அவர் கைதானார். திகார் சிறை. மனைவி தொடுத்த ஆட்கொணர்வு மனுவில், கைது செல்லாது என்று செப்டம்பரில் டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.ரங்கராஜன், ஆர்.என்.அகர்வால் இருவரும் தீர்ப்பளித்தார்கள். பிறகு நடந்ததைக் கேளுங்கள். ரங்கராஜன் கௌஹாத்திக்கு மாற்றப்பட்டார். அகர்வால் மறுபடியும் செஷன்ஸ் நீதிபதியாகக் கீழே அனுப்பப்பட்டார். உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு மாற்றல் உத்தரவு நூறு பேர் வாயை அடைக்கும்.

எல்லோரும் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று பிள்ளைகள் சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். 1974 மே ரயில்வே வேலைநிறுத்தத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. குடும்பம் வைத்திருப்பவன் யோசிப்பான்.

யோசிக்காமல் எதிர்த்தவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரில் இருந்தார். சினேகலதா ரெட்டி நாடகக் கலைஞர். சென்னைத் தணிக்கைக் குழு முதலில் அனுமதி மறுத்த ‘சம்ஸ்காரா’ (1970) கன்னடப் படத்தின் நாயகி. ஜார்ஜ் பெர்னாண்டஸின் நண்பர். 1976 மே மாதம் பிடித்து, பெங்களூர் மத்திய சிறையில் மிசா கைதியாக வைத்தார்கள். அவருக்குக் கடுமையான ஆஸ்துமா. பரோடா வெடிமருந்து வழக்கின் இறுதிக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இல்லை, ஆனாலும் விடவில்லை. 1977 ஜனவரி 15-ல்தான் பரோலில் வந்தார். 18-ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு. 20-ஆம் தேதி அவர் இறந்துபோனார்.

அந்தச் சிறை இருந்த இடம்தான் இன்றைய ஃப்ரீடம் பார்க். சிறைக் கட்டடத்தின் ஒரு பகுதியையும் காவல் கோபுரத்தையும் விட்டுவைத்திருக்கிறார்கள். மாரிகுப்பத்தில் காலை வண்டி ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம்.