பிறர் விடும் புகையும் நம் உடல்நலமும்

"புகைப்பவர் தம் உடலைத்தானே கெடுத்துக் கொள்கிறார், அருகிலிருப்பவர்க்கு என்ன நட்டம்?" என்று கிராமங்களில் பலர் வினவுவதை நாம் கேட்டிருக்கிறோம். இதற்கு விஞ்ஞானம் தெளிவான விடை கூறியிருக்கிறது.

பீடியோ சுருட்டோ எரியும்போது இருவகைப் புகை எழுகின்றது. ஒன்று, புகைப்பவர் இழுத்து வெளியே விடுவது. மற்றொன்று, அவர் இழுக்காத வேளையிலும் கனலும் முனையிலிருந்து தானே எழுவது. அறையில் தங்கும் புகையில் பெரும்பகுதி பின்னதே. அரைகுறையாக எரிவதால் அதில் நச்சும் செறிந்திருக்கும். புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை விளைவிப்பவை.

ஜப்பானில் ஹிராயாமா என்னும் அறிஞர், புகைக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் ஆராய்ந்து, 1981ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டார். கணவர் மிகுதியாகப் புகைத்த இல்லங்களில், மனைவியர் நுரையீரல் புற்றுநோயால் மாண்டது அதிகமெனக் கண்டார். பின்னர் நடந்த ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின. பிறர் புகையைச் சுவாசித்து வாழ்வோர்க்கு இதயநோய் அபாயம் 25 முதல் 30 சதவீதம் வரை கூடுகின்றது. குழந்தைகளுக்கு ஆஸ்துமா, நிமோனியா, காதுநோய் ஆகியவை எளிதில் பற்றுகின்றன. கர்ப்பிணிகளுக்குப் பிறக்கும் குழந்தையின் எடையும் குறைகின்றது.

நம் நாட்டில் கேரள உயர்நீதிமன்றம் 1999ஆம் ஆண்டும், உச்சநீதிமன்றம் 2001ஆம் ஆண்டும் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தன. 2003ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. பள்ளி, மருத்துவமனை, அலுவலகம், பேருந்து முதலிய இடங்களில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஆயினும் இச்சட்டம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. பெண்டிரும் குழந்தைகளும் நெடுநேரம் இருப்பதோ அங்கேதான். ஜன்னலைத் திறந்து வைப்பதும் மின்விசிறியைச் சுழலவிடுவதும் போதா. புகை கலைந்தாற்போல் தோன்றினும் நச்சு எஞ்சி நிற்கும். திண்ணையிலிருந்து புகைத்தாலும் அது வாயில் வழியே உள்ளே புகும்.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, கூட்டம் நடக்கும் இடத்தில் ஒருவரும் புகைக்கலாகாது என்று தாமே முன்னின்று நடத்திக் காட்டுதல். இரண்டாவது, கூரையின் கீழ்ப் புகைப்பதில்லை என்னும் வழக்கத்தை ஒவ்வொரு குடும்பமும் ஏற்கும்படி எடுத்துரைத்தல். பிள்ளைச்சாவடி போன்ற ஊர்களின் பெயரிலேயே சாவடி இருக்கின்றது. பலர் கூடும் அத்தகைய இடத்தில் தொடங்கும் நல்வழக்கம் வீடுகளுக்கும் விரைவில் பரவும்.

பழக்கத்தை விட விழைவோர் 1800-112-356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். புகைப்பவரை நாம் பகைக்க வேண்டுவதில்லை. புகைக்காதவர் நல்ல காற்றைச் சுவாசிக்கும் உரிமையைக் காத்தால் போதும்.