கொத்துக்கறி வாங்கும்போது மெஷினைப் பாருங்கள்



தீபாவளிக்கு முதல் நாள் ஜாசினிலோ, அலோர்காஜாவிலோ, மலாக்கா பட்டணத்திலோ இறைச்சிக் கடைப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. ஓர் அம்மா ஆட்டிறைச்சியைக் காட்டி, "பாய், ஒரு கிலோ அரைச்சுக் குடுங்க. முன்னால மாடு அரைச்சீங்களே, மெஷினைக் கழுவிட்டு அரைங்க" என்கிறார். கடைக்காரர் ஒரு குவளைத் தண்ணீரை மெஷின் வாயில் ஊற்றுகிறார். ஒரு சுற்று ஓட விடுகிறார். "கழுவியாச்சு" என்று சொல்லி ஆட்டிறைச்சியைப் போடுகிறார். அம்மாவும் திருப்தியாக வாங்கிக்கொண்டு போகிறார்.

மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பத்துப் பெண் அப்படிக் கேட்டது முழு நியாயம். ஆனால் அவர் கேட்டது கிடைக்கவில்லை. ஏன் என்று தெரிய வேண்டுமானால் மெஷினுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உள்ளே திருகாணி போல ஒரு தண்டு சுழல்கிறது. அது இறைச்சியை முன்னால் தள்ளுகிறது. தண்டின் முனையில் சிலுவை வடிவத்தில் ஒரு கத்தி இருக்கிறது. அதற்கும் முன்னால் சல்லடை போலத் துளையிட்ட இரும்புத் தட்டு. அந்தத் துளைகளிலும், கத்திக்கும் தட்டுக்கும் நடுவிலும், தண்டின் பள்ளங்களிலும் கொழுப்பும் சதையும் அப்பிக் கிடக்கும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொழுப்பு போகுமா? நம் வீட்டுச் சட்டியிலேயே போகாதே! மெஷினைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் சுடுநீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினியில் அலசி, உலர வைத்தால்தான் அதற்குக் கழுவியது என்று பெயர். இல்லையென்றால் நீங்கள் வாங்கும் கறியில் முதலில் வெளியே வரும் ஒரு பிடி உங்களுடையதல்ல. உங்களுக்கு முன்னால் வாங்கியவருடையது.

சிலர் கேட்பார்கள்: "ஹலால் முத்திரை போட்ட கடைதானே, பிறகென்ன?" ஹலால் கடை என்றால் அங்கே பன்றி கலக்காது. ஆனால் மாடும் ஆடும் கோழியும் மூன்றுமே ஹலால்தான். ஒன்றை அரைத்த மெஷினில் இன்னொன்றை அரைப்பதை அந்த முத்திரை தடுப்பதில்லை. ஆகவே நமக்கு வேண்டியதை நாமேதான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

இது நம்பிக்கை பற்றிய பேச்சு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கிருமியும் அதே வழியில்தான் வருகிறது.

முழுத் துண்டு இறைச்சிக்கும் அரைத்த இறைச்சிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நோயில்லாத ஆட்டின் தொடைக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உட்சதையில் கிருமி அநேகமாக இருக்காது. தோலுரிக்கும்போது, குடல் எடுக்கும்போது, கை படும்போது ஒட்டுகிற கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். துண்டைச் சட்டியில் போட்டதும் மேற்பரப்புத்தான் முதலில் வேகிறது, கிருமியும் சாகிறது. அரைத்துவிட்டாலோ மேலே இருந்தது எல்லாம் உள்ளே போய்விடுகிறது. பிசைந்து உருட்டிய கட்லெட்டின் நட்ட நடுவில் அது உட்கார்ந்திருக்கும். வெளியே பொன்னிறமாக வறுபட்டிருக்கும், நடுவில் கிருமி உயிரோடு இருக்கும். போதாததற்கு, வசதியான சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை ஆபத்தான சூடு என்று சொல்வார்கள். நம் ஊர்ச் சந்தையின் பகல் வெயில் அதற்குள்தான் அடங்குகிறது.

முன்பு தோட்டத்தில் சம்பள நாளில் ஆடு வெட்டிக் கூறு போட்டது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வெட்டிய சில மணி நேரத்தில் கறி சட்டியில் கொதித்துவிடும். மெஷின் கிடையாது. கொத்துக்கறி வேண்டுமென்றால் அரிவாளால் கொத்துவார்கள். அந்தக் காலத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஈ மொய்த்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஓர் ஆட்டின் கறி ஓர் ஆட்டின் கறியாகவே இருந்தது. இன்று பேரங்காடியில் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்து வந்த ஆடும், இந்தியாவிலிருந்து வந்த எருமையும், உள்ளூர்க் கோழியும் ஒரே மேசைக்கு வருகின்றன. ஒன்றில் இருக்கும் கெடுதல் நூறு வீட்டுக்குப் போகிறது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் 1992 கடைசியிலும் 1993 தொடக்கத்திலும் ஒரு பெரிய உணவகத் தொடரில் சரியாக வேகாத ஹம்பர்கர் சாப்பிட்டு 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தன. அரைத்த மாட்டிறைச்சியில் இருந்த ஈ.கோலை ஓ157 என்ற கிருமிதான் காரணம். அதன் பிறகு 1994-இல் அந்த நாட்டு அரசாங்கம், இந்தக் கிருமி உள்ள அரைத்த மாட்டிறைச்சியை விற்கவே கூடாது என்று அறிவித்தது. 2016-லிருந்து இன்னொரு விதியும் வந்தது. மாட்டிறைச்சி அரைத்து விற்கும் கடைக்காரர், எந்த ஆலையின் இறைச்சியை எந்த நாள், எந்த நேரம் அரைத்தார், மெஷினை எப்போது கழுவினார் என்று எழுதி வைக்க வேண்டும். நோய் வந்தால் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடிப்பதற்காகத்தான்.

பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டு நடந்தது இன்னும் கொடுமை. தெற்கு வேல்ஸில் பள்ளிக்கூடங்களுக்கு இறைச்சி கொடுத்த ஒரு கடையில், பச்சை இறைச்சியையும் சமைத்த இறைச்சியையும் காற்றை உறிஞ்சிப் பொட்டலம் கட்ட ஒரே மெஷின்தான் இருந்தது. பச்சை இறைச்சியின் கிருமி சமைத்ததில் ஏறியது. சமைத்ததை யாராவது மறுபடி வேக வைப்பார்களா? 150 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். கடைக்காரர் 2007-இல் சிறைக்குப் போனார். இன்னொரு மெஷின் வாங்கச் செலவாகும் என்று பார்த்ததன் விலை அது.

"நாங்கள்தான் மாடு சாப்பிடுவதில்லையே" என்று சிலர் நிம்மதி அடையலாம். வேண்டாம். இந்த வகைக் கிருமி ஆட்டின் குடலிலும் இருக்கும். கோழியில் சால்மொனெல்லா இருக்கும். நம் நாட்டிலேயே 2018 அக்டோபரில் கெடா, பாலிங்கில் லக்சா சாப்பிட்டு இரண்டு பேர் இறந்ததற்குச் சால்மொனெல்லாதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

சரி, கடையில் என்ன செய்யலாம்? முதலில், காலையில் போங்கள். மெஷின் முதல் நாள் இரவு கழுவி வைத்ததாக இருக்கும், அன்றைய மாடு இன்னும் அரைபட்டிருக்காது. ஏற்கெனவே அரைத்துத் தட்டில் குவித்து வைத்ததை வாங்காதீர்கள். அது எப்போது அரைத்தது, எதை அரைத்தது என்று உங்களுக்குத் தெரியாது. முழுத் துண்டைக் காட்டி, உங்கள் கண் முன்னால் அரைக்கச் சொல்லுங்கள். ஆட்டுக்குத் தனி மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அந்தக் கடையை விடாதீர்கள். குளிரூட்டாத இடத்தில் நாள் முழுக்க ஓடும் மெஷினை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது கழற்றிக் கழுவ வேண்டும் என்று அமெரிக்க உணவு விதிநூல் சொல்கிறது. கடைக்காரர் காசு வாங்கிய கையாலேயே கறி எடுக்கிறாரா, கையில் புண்ணோ கட்டோ இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். புண்ணில் உள்ள சிலவகைக் கிருமி விடும் விஷம், பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது.

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகளின்படி உணவைக் கையாளுகிறவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி, அசுத்தமான கடையை 14 நாள் வரை மூடிவைக்க அதிகாரிகளால் முடியும். ஒரு கடை மோசமாக இருந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் சொல்லலாம். நாளும் நேரமும் குறித்துக்கொண்டு சொன்னால் நல்லது.

இனி நம் வீட்டுப் பக்கம் திரும்புவோம். கடைக்காரரைத் திட்டிவிட்டு நாமும் அதையேதான் செய்கிறோம். என் வீட்டிலும் வெகு நாள் ஒரே பலகைதான். கோழி வெட்டிய பலகையைத் துணியால் துடைத்துவிட்டு வெங்காயம் அரிவோம், வெள்ளரிக்காய் அரிவோம். வெள்ளரியை யார் வேக வைப்பார்கள்? இரண்டு பலகை வாங்குவது பெரிய செலவல்ல. கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவும் பழக்கத்தையும் விடுங்கள். தெறிக்கும் தண்ணீரில் கிருமி பாத்திரத்துக்கும் கீரைக்கும் போகிறது. சமைக்கும் சூட்டில் அது சாகத்தான் போகிறது.

வீட்டு மிக்சியில் கறி அரைப்பது நல்ல யோசனைதான். துண்டைச் சிறிது நேரம் உறைபெட்டியில் வைத்துவிட்டு அரைத்தால் நன்றாகவும் அரைபடும். ஆனால் மறுநாள் காலை அதே ஜாடியில்தானே தேங்காய்ச் சட்னி? பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் விரலை விட்டுப் பாருங்கள், கொழுப்பு இருக்கும். ரப்பரைக் கழற்றிச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். முடிந்தால் கறிக்குத் தனி ஜாடி வையுங்கள்.

உறைந்த மட்டனைச் சமையல் மேடையில் வைத்து உருக விடாதீர்கள். ஐஸ்பெட்டியின் அடித்தட்டில், கிண்ணத்துக்குள் வைத்து, ஒரு ராத்திரி விட்டால் போதும். அரைத்த கறியை இரண்டு நாளுக்கு மேல் உறைய வைக்காமல் வைத்திருக்கக் கூடாது. கட்லெட் செய்யும்போது, பச்சைக் கறியை உருளைக்கிழங்கோடு பிசைந்து பொரிக்காமல், நம் பாட்டிமார் செய்தது போல் கறியை முதலில் மசாலாவோடு நன்றாக வதக்கி, நீர் வற்றி வெந்த பிறகு உருட்டுங்கள். அரைத்த கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வேகாமலே பழுப்பாகிவிடும் கறியும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து அடிக்கடி கொடுங்கள். கடையில் மாத்திரை வாங்கி வயிற்றுப்போக்கை நிறுத்தப் பார்க்காதீர்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு. மலத்தில் ரத்தம் தெரிந்தால், அல்லது பிள்ளை வெளுத்துச் சோர்ந்து சிறுநீர் குறைந்தால், அன்றே கிளினிக்கோ ஆஸ்பத்திரியோ போங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் சிறுநீரகத்தைத்தான் ஈ.கோலை ஓ157 முதலில் தாக்கும். உணவு விஷத்தை டாக்டர்கள் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் சொல்கிறது. ஆகவே எந்தக் கடையில், எந்த நாளில், என்ன வாங்கினீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். மீதிக் கறி இருந்தால் எறிந்துவிடாமல், தனியாகக் கட்டி ஐஸ்பெட்டியில் வைத்திருங்கள். பரிசோதிக்க வருகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.