பற்றுச்சீட்டின் இரு கசிவுகள்

திண்டுக்கல் கடைத்தெருவில் கிரைண்டர் ஒன்று வாங்கி, அதன் பற்றுச்சீட்டை நெகிழி உறைக்குள் இட்டுப் பத்திரப்படுத்தினேன். ஓராண்டு கழிந்து மின்னோடி பழுதானபோது உறையைத் திறந்தால், உள்ளே இருந்தது வெறும் வெண்தாள். கடையின் பெயர் இல்லை; நாள் இல்லை; தொகையும் இல்லை. வாங்கிய நாளைக் கேட்டுத் தம் கணினியில் தேடியெடுத்த கடைக்காரர், "இனிமே போன் நம்பரக் குடுத்துருங்க சார், பில்லு மெசேஜ்லயே வந்துரும்" என்றார்.

பரிவோடு சொல்லப்பட்ட சொல்தான். எனினும் நம் காலத்தின் பெரிய வினா ஒன்று அதற்குள் இருக்கிறது. தாளை விடுத்து எண்ணுக்கு மாறுகையில் நாம் பெறுவது எது? கொடுப்பது எது? இதற்கு விடை காண, முதலில் அந்தத் தாளின் இயல்பை அறிதல் வேண்டும்.

மையில்லா எழுத்து

பற்றுச்சீட்டை அச்சிடும் பொறியில் மை கிடையாது. 57 அல்லது 80 மில்லிமீட்டர் அகலச் சுருளாக வரும் அந்த வெப்பத்தாளிலேயே எழுத்து உறங்கிக் கிடக்கிறது. தாளின் மேற்பூச்சில் மூன்று பொருள்கள் உள்ளன: நிறமற்ற நிலையிலிருக்கும் சாயம், அதற்கு நிறமூட்டும் மென்னமிலம், இவ்விரண்டும் எளிதில் உருகிக் கலக்கத் துணைநிற்கும் மெழுகு போன்ற பொருள். பொறியின் அச்சுத்தலையில் மில்லிமீட்டருக்கு 8 என்னும் கணக்கில் நுண்ணிய சூடேற்றிகள் அணிவகுத்து நிற்கின்றன. அவை சூடாகும் இடத்தில் பூச்சு உருகுகிறது. அமிலம் சாயத்தைச் சேர்கிறது. சாய மூலக்கூற்றில் மூடியிருந்த வளையம் ஒன்று திறக்கிறது. ஒளியை உட்கொள்ளும் புதிய அமைப்பு உருவாகிக் கருமை தோன்றுகிறது.

மஞ்சள்நீரில் சுண்ணாம்பு கலந்ததும் ஆலத்தித் தட்டு சிவப்பதைக் கண்ட கண்களுக்கு இது விளங்காத வித்தையன்று. அங்கே காரம் நிறத்தை மாற்றுகிறது. இங்கே அமிலம் நிறத்தைப் பிறப்பிக்கிறது. சேர்க்கையால் பிறந்த நிறமாதலின், சேர்க்கை குலைந்தால் நிறமும் மறையும். நெகிழி உறைகள் மென்மையாய் வளைவதற்காகச் சேர்க்கப்படும் நெகிழ்வூட்டிகள், கையிலுள்ள எண்ணெய், கைகழுவும் சாராயக் கரைசல் ஆகியவை சாயத்தையும் அமிலத்தையும் பிரித்துவிடுகின்றன. நான் பாதுகாப்பென்று நம்பிய உறையே என் சீட்டை அழித்தது. இதற்கு மாறாக, வெப்பம் ஏறத்தாழ 60, 70 பாகை செல்சியசை எட்டினால் தாள் முழுவதும் கருத்துப்போகும்; சித்திரை வெயிலில் மூடிய மகிழுந்தின் முகப்பில் கிடந்த சீட்டு அவ்வாறே ஆகும்.

நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் கீறிக் கரி பூசித் துலக்கிய கணக்குகள் நூற்றாண்டுகளைக் கடந்தும் படிக்கக் கிடைக்கின்றன. இந்தத் தாளோ சில கோடைகளைத் தாங்குவதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, முறையீடு செய்ய 2 ஆண்டுக் காலம் தருகிறது. சான்றாக நிற்க வேண்டிய சீட்டு அதற்குள்ளேயே வெளுத்துவிட்டால் உரிமை இருந்தும் பயனில்லை.

முதற் கசிவு

வெப்பத்தாளில் நிறமூட்டும் அமிலமாக நெடுங்காலம் பயன்பட்டது பிசுபீனால்-ஏ என்னும் வேதிப்பொருள். 1891இல் உருசிய வேதியலாளர் தியானின் இதனை முதன்முதலில் ஆக்கினார். 1930களில் ஆங்கிலேய அறிஞர் தாட்சும் அவருடைய குழுவினரும் இது பெண்மை இயக்குநீரான ஈசுட்ரோசனைப் போல உடலில் செயற்படுவதைக் கண்டறிந்தனர். நெகிழிப் பொருள்களில் இம்மூலக்கூறு பெரும்பாலும் சங்கிலியாகப் பிணைந்திருக்கும். வெப்பத்தாளிலோ அது பிணைப்பின்றி மேற்பூச்சில் தனித்துக் கிடப்பதால், தொடும் விரலில் எளிதாக ஒட்டிக்கொள்ளும்.

எவ்வளவு ஒட்டும்? சூரிச்சு நகர ஆய்வாளர்கள் 2010இல் அளந்து கூறினர். உலர்ந்த விரல்களால் 5 நொடி பிடித்தால் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் விரலுக்கு வருகிறது. விரல் ஈரமாகவோ நெய்ப்பசையோடோ இருந்தால் அதுபோல் 10 மடங்கு. வியர்வை ஊறும் திண்டுக்கல் கோடையில், பிரியாணி உண்ட கையைத் துடைத்தும் துடைக்காமலும் சீட்டை வாங்கும் நமக்கு இவ்வளவீடு வெறும் ஆய்வகச் செய்தியாக இராது.

2023 ஏப்பிரலில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒரு மனிதர் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க பிசுபீனால்-ஏ அளவைக் கிலோகிராம் உடலெடைக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாகக் குறைத்தது. இது 20,000 மடங்குக் குறைப்பு. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இவ்வரம்பு 12 நானோகிராம். விரலில் ஒட்டும் 1 மைக்ரோகிராம் என்பது 1,000 நானோகிராம். விரலில் ஒட்டியது அனைத்தும் குருதிக்குள் புகுவதில்லை என்பதையும், செருமனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இவ்வளவு தாழ்ந்த வரம்பை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மை. ஆயினும் எப்போதாவது ஒரு சீட்டு வாங்கும் நம்மைவிட, நாள் முழுதும் கல்லாவில் நின்று நூற்றுக்கணக்கில் கிழித்துக் கொடுக்கும் பணிப்பெண்ணே இதில் முதலில் எண்ணத்தக்கவர். ஐரோப்பிய ஒன்றியம் 2020 சனவரி 2 முதல் வெப்பத்தாளில் இப்பொருள் எடையில் 0.02 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது என்று வரையறுத்தது. அதற்கு மாற்றாக வந்த பிசுபீனால்-எசும் அதே குடும்பத்தது. அதனால் சுவிட்சர்லாந்து இரண்டையுமே விலக்கியது.

ஆகவே தாளைக் குறைப்பது நன்றே. பிரான்சு நாடு 2023 ஆகத்து 1 முதல், கேட்பவருக்கு மட்டுமே சீட்டை அச்சிடலாயிற்று. இந்தியாவிலும் சரக்கு, சேவை வரி மன்றம் 2024 செப்டம்பர் 9 அன்று நடந்த தன் 54ஆம் கூட்டத்தில், நுகர்வோருக்கு மின்சீட்டு வழங்கும் முறையை விருப்பமுள்ளோரிடம் வெள்ளோட்டம் பார்க்கப் பரிந்துரைத்தது.

இரண்டாம் கசிவு

தாளை நீக்கிய இடத்தில் எதை வைக்கிறோம் என்பதே அடுத்த வினா. பெரும்பாலான கடைகள் வைப்பது கைப்பேசி எண்ணை. நம் நாட்டில் கைப்பேசி எண் வெறும் முகவரியன்று. வங்கிக் கணக்கும் எரிவாயு இணைப்பும் குடும்ப அட்டையும் ஆதாரும் அவ்வொரே எண்ணில் கோக்கப்பட்டுள்ளன. வீடு மாறுவோர்கூட எண்ணை மாற்றுவதில்லை.

கைப்பேசிவழிப் பணம் செலுத்துகையில் வங்கி அறிவது தொகையையும் கடையையும் நேரத்தையும் மட்டுமே. எதை வாங்கினோம் என்பதை அது அறியாது. பற்றுச்சீட்டோ பொருளின் பெயரையே சொல்லும். சர்க்கரை நோய் மாத்திரை, கருவுற்றதை அறியும் பட்டை, பிள்ளைக்குப் பால்மாவு, முதியவருக்கு அணையாடை எனச் சீட்டின் ஒவ்வொரு வரியும் வீட்டின் ஒரு நிலையைக் கூறும். இவ்வரிகள் ஓர் எண்ணின் கீழ் ஆண்டுக்கணக்கில் அடுக்கப்பட்டால், அதன் பெயர் கணக்கன்று, வாழ்க்கை வரலாறு. பெயரை நீக்கிவிட்டாலும் முழுக் காப்பில்லை. 11 இலட்சம் பேரின் 3 மாதக் கடனட்டைப் பதிவுகளை ஆய்ந்து 2015இல் 'சயின்சு' இதழில் வெளியான கட்டுரை, ஒருவர் எந்நாளில் எக்கடையில் இருந்தார் என்னும் 4 குறிப்புகளே 90 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணப் போதும் என்று காட்டியது.

நமக்கு மிக அருகில் ஒரு சான்று உண்டு. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில், உள்தாள் ஒட்டிய பழைய அட்டை போய் 2017இல் மின்னணுக் குடும்ப அட்டை வந்தது. அரிசியும் சர்க்கரையும் வாங்கியதும் பதிவுசெய்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்த் தாய்மார் பெற்ற முதல் மின்சீட்டு இதுவே எனலாம். வாங்காத பொருளை வாங்கியதாக எழுதினால் அது காட்டிக்கொடுக்கும் என்பது பெரும் நன்மை. ஆனால் 2021இன் நடுவில், தமிழ்நாட்டுப் பொது வழங்கல் திட்டப் பயனாளர்கள் ஏறத்தாழ 50 இலட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியிடப்பட்டுள்ளன என்று பெங்களூர் இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அறிவித்தது. தொகுத்து வைத்த தரவு எதுவாயினும் அதற்குக் கசியும் இயல்பு உண்டு என்பதை அவ்வறிவிப்பு நமக்கு உணர்த்திற்று.

இன்னொரு கசிவு வீட்டுக்குள்ளேயே நிகழ்வது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கைப்பேசி என்றிருக்கும் ஊர்களில், மனைவியோ மகளோ வாங்கியதன் பட்டியல் வீட்டுத் தலைவரின் கைக்குப் போகிறது. மருந்துக் கடையில் தாள்சீட்டை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொள்ள முடிந்த ஒரு பெண்ணுக்கு, குறுஞ்செய்தி அந்தச் சிறு தனிமையையும் இல்லாமலாக்கிவிடுகிறது.

தோல் ஆலைகள் தந்த பாடம்

கசிவைப் பற்றித் திண்டுக்கல்லுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு மண்ணில் இறங்கிக் கிணறுகள் கெட்ட கதையை இவ்வூர் மூத்தோர் அறிவர். கெட்ட நிலத்தடி நீரை மீட்பது தலைமுறைப் பணி. தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகத்து 28 அன்று தீர்ப்பளித்தது. தண்டம் விதிக்கப்பட்ட ஆலைகள் இருந்த மாவட்டங்களுள் திண்டுக்கல்லும் ஒன்று. முன்னெச்சரிக்கைக் கொள்கை நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதி என்பதை நிலைநாட்டியது அத்தீர்ப்பே. கேடு முழுமையாக மெய்ப்பிக்கப்படும் வரை காத்திராமல், கேடு நேரக்கூடும் என்றபோதே தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

வெளியேறிய தரவும் கெட்ட கிணறு போன்றதே. மறைச்சொல்லை மாற்றலாம், கைரேகையையும், கடந்துபோன நோயின் வரலாற்றையும் மாற்ற இயலாது. ஆலைக் கழிவுக்குப் பொருந்திய முன்னெச்சரிக்கை கைப்பேசி எண்ணுக்கும் பொருந்தும்.

சட்டம் சொல்வது

பில் தராமை முறையற்ற வணிகம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. நம்பிக் கொடுத்த தனிப்பட்ட விவரத்தைச் சட்டத்துக்கு மாறாகப் பிறருக்கு வெளியிடுவதும் முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் கூறுகிறது. எண் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என ஒன்றிய அரசின் நுகர்வோர் நலத்துறை 2023 மே மாதத்தில் வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று நம் பொருளையே பேசுகிறது: மருந்துக் கடையில் பொருள் வாங்கிய ஒருவர், பணம் பெற்றதற்கான சீட்டைக் கைப்பேசிக்கு அனுப்புமாறு தாமே கேட்டு விவரம் தந்தால், அந்தச் சீட்டை அனுப்புவதற்காகக் கடை அதைப் பயன்படுத்தலாம். தள்ளுபடி விளம்பரம் அனுப்பவோ வேறொருவருக்கு விற்கவோ இவ்விடத்தில் இசைவு இல்லை. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன.

சாவி யார் கையில்?

எண்ணைக் கேளாமலே மின்சீட்டு தர அறிவியலில் வழி உண்டு. 1994இல் சப்பானின் தென்சோ நிறுவனம் உருவாக்கிய கியூ.ஆர். குறியீடு அதன் பேரளவு வடிவில் 2,953 பைட்டுகளைக் கொள்ளும். கணினியில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு வேண்டும். ஆகவே ஏறத்தாழ 980 தமிழ்க் குறிகள் அதில் அடங்கும். இருபது பொருள்கள் கொண்ட மளிகைப் பட்டியலுக்கு அது போதுமானது. கடைத்திரையில் அக்குறியீடு தோன்ற, நாம் கைப்பேசியால் படம்பிடித்தால் சீட்டு நம்மிடம் வந்துவிடும். நாம் யாரென்று கடை அறிய வேண்டுவதில்லை. சீட்டு போலியன்று என்பதற்கு மின்னொப்பம் உண்டு: கடை தன் மறைவான சாவியால் ஒப்பமிடும்; அனைவரும் அறிந்த மற்றொரு சாவியால் எவரும் அதைச் சரிபார்க்கலாம். வணிகருக்கும் வணிகருக்கும் இடையிலான வரி மின்பட்டியலில் இத்தகைய ஒப்பமிட்ட குறியீடு ஏற்கெனவே வழக்கில் உள்ளது.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை எண்ணிப் பாருங்கள். இரும்பைத் தட்டி, ராவி, நெம்புகளைப் பொருத்தி முடித்த தொழிலாளி, பூட்டோடு சாவிகளையும் வாங்குபவரிடமே கொடுத்துவிடுகிறார். தமக்கென ஒரு சாவியை அவர் நிறுத்திக்கொள்வதில்லை. பூட்டுத் தொழிலின் அறமே அதுதான். மின்சீட்டை வடிவமைப்போரும் அவ்வறத்தையே கைக்கொள்ளல் வேண்டும்.

கைப்பேசி இல்லாத முதியவருக்கும், ஒட்டன்சத்திரம் மண்டியில் சரக்கிறக்கித் துண்டுச்சீட்டோடு ஊர் திரும்பும் உழவருக்கும், கேட்டால் தாள்சீட்டு கிடைக்க வேண்டும்; அந்தத் தாள் பிசுபீனால் குடும்பம் கலவாத தாளாக இருக்க வேண்டும்.

படிப்போர் இன்றே செய்யத்தக்கவை சில உண்டு. உறுதிக்காலம் உள்ள பொருளின் சீட்டை அன்றே படமெடுத்தோ நகலெடுத்தோ வையுங்கள். வெப்பத்தாளில் வடையை வைக்காதீர்கள். குழந்தையின் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள். பழைய தாள் கட்டோடு சேர்க்காதீர்கள், மறுசுழற்சிக் கூழில் அந்நஞ்சு கலந்துவிடும். எந்தக் கடையிலும் பில்லைக் கேட்டு வாங்குங்கள். எண்ணைக் கேட்டால், எதற்கு என்று பணிவோடு வினவுங்கள். தர விருப்பமில்லையெனில் தரவேண்டியதில்லை. பில் நம் உரிமை. எண் நம் உடைமை. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை விலையாகக் கொடுக்க எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.