திரை கறுத்தால் லேப்டாப் போச்சா?

தாராசுரம் பட்டுத்தறி ஊர். சேலைக்கு வேண்டிய டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அட்டையில் துளையிட்டு, தறியின் ஜக்கார்டு கருவியில் ஏற்றுவது பழைய முறை. பட்டு நெசவு நடக்கும் ஊர்களில் இப்போது அந்த வரைவு வேலை கணினிக்கு வந்துவிட்டது. கூடவே, 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் லட்சக்கணக்கான பிளஸ் டூ பிள்ளைகளின் கையில் லேப்டாப்பைக் கொடுத்தது. அவற்றில் பரண் ஏறிவிட்ட ஒன்றைப் பற்றி விசாரித்தால், பல வீடுகளில் வரும் பதில் இதுதான்: “டிஸ்பிளே போயிடுச்சு.”

இந்த இரண்டு சொல்லுக்குள் நாலைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் சில பைசா செலவில்லாமல் சரியாகக்கூடியவை. எது என்று கண்டுபிடிக்க, திரை எப்படி ஒளிர்கிறது என்று தெரிந்தால் போதும்.

சாதாரண லேப்டாப் திரை எல்சிடி வகை. அதற்குள் இருப்பது திரவப் படிகம்: திரவம் போல ஓடும், படிகம் போல ஒழுங்கும் காட்டும் பொருள். 1888இல் ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து செய்த ஒரு சேர்மம் 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்ற திகைப்பில் பிறந்ததுதான் திரவப் படிகத் துறை. இதில் நம்மவர் பங்கும் உண்டு. சர் சி.வி. ராமனின் சகோதரி மகனான எஸ். சந்திரசேகர், 1977இல் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று தம் குழுவினருடன் கண்டறிந்தார். எல்சிடி திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் மங்காமல் இருக்க ஒட்டும் மெல்லிய படலங்களில் அவ்வகைப் பொருள் பின்னாளில் பயன்பட்டது.

திரவப் படிகத்துக்குச் சொந்த ஒளி கிடையாது. திரையின் அடி விளிம்பில் வரிசையாக இருக்கும் எல்இடி விளக்குகள்தான் ஒளி தருகின்றன. அதைப் பின்னாலுள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு திரை முழுக்கப் பரப்புகிறது. காவிரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: விளக்கு ஆற்றுநீர், திரவப் படிகம் மதகு. பழைய லேப்டாப்புகளில் பரவலாக இருந்த 1366 × 768 திரையில், சிவப்பு, பச்சை, நீலம் என்று புள்ளிக்கு மூன்றாக 31 லட்சத்துக்கும் மேற்பட்ட மதகுகள். மின்னழுத்தம் மாறும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளியை விடலாம் என்று முடிவாகிறது. ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் மதகு திறந்திருந்தும் வயல் காயும். கறுத்த திரையில் படம் இருந்தும் தெரியாமல் போவது அப்படித்தான்.

இனி சோதனைக்கு வருவோம். முதலில், உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜரைச் செருகியதும் சிறு விளக்கு எரிகிறதா? பவர் பொத்தானை அழுத்தினால் விசிறி சுழல்கிறதா? கேப்ஸ் லாக் விசையைத் தட்டத் தட்ட அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? இதெல்லாம் நடந்தால் உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். திரையின் வெளிச்சத்தைக் கூட்டும் விசையையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள். கைதவறி அடிமட்டத்துக்குக் குறைத்திருக்கலாம். பக்கத்தில் காந்தம் வைத்த போன் உறை இருந்தால் நகர்த்துங்கள். திரை மூடியிருக்கிறதா என்பதைப் பல லேப்டாப்புகள் காந்தத்தை வைத்தே உணர்கின்றன. போன் உறையின் காந்தம் ஏமாற்றினால், மூடியதாக எண்ணி லேப்டாப் திரையை அணைத்துவிடும்.

அடுத்தது டார்ச் சோதனை. லேப்டாப்பை ஆன் செய்து சில நிமிடம் விடுங்கள். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகே சாய்வாகப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். கறுப்புக்குள் பேய் உருவம் மாதிரி கடிகாரமோ, கடவுச்சொல் கேட்கும் பெட்டியோ மங்கலாகத் தெரிகிறதா? தெரிந்தால் படம் வருகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை. எல்இடி பட்டையோ, அதற்கு மின்சாரம் தரும் சுற்றோ, கேபிளோ பழுது. ஓஎல்இடி திரைக்கு இந்தச் சோதனை பயன்படாது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்.

ஒன்றும் தெரியாவிட்டால் ஹெச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணைத்து, விண்டோஸ் விசையுடன் பி விசையை அழுத்திப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் மதர்போர்டு பெரும்பாலும் நலம். சந்தேகம் திரை மீதும் அதற்குச் செல்லும் கேபிள் மீதும்தான். அந்த மெல்லிய கேபிள் மூடியின் கீல் வழியாகப் போகிறது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மடங்கும். மூடியை ஒரு கோணத்தில் சாய்த்தால் படம் வந்து போகிறது என்றால் முதல் குற்றவாளி கேபிள்தான். முழுத் திரையை மாற்றும் செலவில் சிறு பங்கே கேபிளுக்கு ஆகும்.

டிவியிலும் படம் வராவிட்டால், சார்ஜரைக் கழற்றி, கழற்ற முடிகிற பேட்டரியானால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்துவிடும். பிறகு சார்ஜர் மட்டும் செருகிப் பாருங்கள். ‘பீப்’ ஒலி கேட்டால் எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பழுதான உறுப்பை அந்த எண்ணிக்கை சொல்லும். பல நேரம் அது ரேம். டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதன் முனைகளில் களிம்பு பிடிப்பது உண்டு. ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் முனைகளை இதமாகத் துடைத்து மறுபடி பொருத்தியதுமே உயிர் பெற்ற லேப்டாப்புகள் ஏராளம்.

நிறுவனத்தின் லோகோ தெரிந்து, விண்டோஸ் வரும்போது மட்டும் கறுத்தால் திரையில் குறையில்லை, பெரும்பாலும் மென்பொருளில்தான் சிக்கல். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். இந்த பி, பேங்க் என்ற சொல்லின் முதல் எழுத்து. டிவி இணைப்புக்குச் சொன்ன பி, பென்சிலின் முதல் எழுத்து. அதிலும் சரியாகவில்லையென்றால் சேஃப் மோடில் திறந்து டிரைவரை மாற்ற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. அடிப்பகுதி உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அழுத்தவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. நேராகக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

படங்களும் டிசைன்களும் ஹார்ட் டிஸ்கிலோ எஸ்எஸ்டியிலோ இருக்கின்றன. திரைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. லேப்டாப்பே ஓடாவிட்டாலும், பெரும்பாலானவற்றில் டிஸ்கைத் தனியே கழற்றி வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளை மீட்கலாம். அதனால் பழுதானதைக் காயலான் கடைக்குப் போடும் முன் டிஸ்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் கடைக்குப் போவதானால், ‘டிஸ்பிளே போயிடுச்சு’ என்று சொல்லாதீர்கள். கேப்ஸ் லாக் எரிகிறதா, டார்ச்சில் படம் தெரிந்ததா, டிவியில் வந்ததா என்ற மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள். புதுத் திரை போடச் சொன்னால், கேபிளைச் சோதித்தீர்களா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.