‘முகத்தை வெளுத்துத் தர மாட்டேன்’: 44 வயதில் ஒளிப்படம் படிக்கும் மாணவர்

சனிக்கிழமை காலைகளில் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் பஸ்ஸில் ஒருவர் கேமரா பையுடன் ஏறுகிறார். வயது 44. மகள் பிளஸ் 2 படிக்கிறாள். சிறப்பு வகுப்புக்குப் போகும் மகளும் ஒளிப்பட வகுப்புக்குப் போகும் அப்பாவும் ஒரே நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள்.

“வகுப்புல எனக்கு அடுத்த பெரியவனுக்கு 23 வயசு. மொத நாள் நான் உள்ள போனதும் வாத்தியார்னு நெனச்சி எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க” என்று சிரிக்கிறார்.

இவர் கேமராவுக்குப் புதியவர் அல்ல. 20 ஆண்டுகளாகச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, காரியம் என்று படம் எடுத்துப் பிழைப்பவர். பிறகு ஏன் படிப்பு? அதைக் கேட்கத்தான் நாம் அவர் வீட்டுக்குப் போனோம். பேசுவதற்கு முன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “எல்லாத்தையும் எழுதுங்க சார். பேரு மட்டும் போடாதீங்க. ஊர்க்காரங்க ஆர்டரும் வருது. போயிடும்.”

லைட் பிடித்த கை

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. 17 வயதில் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். வீடியோ கேசட் காலம் அது. வீடியோ எடுப்பவர் நகரும் இடமெல்லாம் கனத்த விளக்கைத் தூக்கிக்கொண்டு கூடவே நகர வேண்டும். சூட்டில் கை பொசுங்கும்.

“பந்தல் வரைக்கும் நான்தான் லைட்டு. பொண்ணு அலங்காரம் பண்ற ரூமுக்குப் போகும்போது முதலாளி என் கையிலிருந்து லைட்டை வாங்கி வேற பையன்கிட்ட குடுத்துடுவாரு. ஏன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல. ரெண்டு பேருக்கும் தெரியும்.”

கடைசிப் பந்தியில் சாப்பாடு. சில வீடுகளில் அதுவும் பின்பக்கம். ஆனாலும் அந்த ஆறேழு வருடங்களில் அவர் ஒன்றைக் கற்றுக்கொண்டார். விளக்கை எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பிடித்தால் முகம் எப்படி மாறும் என்பது அவர் கைக்கு மனப்பாடமானது. “ஒளின்னா என்னன்னு புத்தகத்துல இப்பத்தான் படிக்கிறேன். தூக்கிச் சுமந்தது அப்பவே” என்கிறார்.

24 வயதில் கடன் வாங்கி, பழைய கேமரா ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டார். முதல் ஃபிலிம் ரோலின் 36 படங்களையும் தன் தெருவிலேயே எடுத்தார். வாக்காளர் அட்டைக்கும் ரேஷன் கார்டுக்கும் தவிர அதுவரை படமே எடுத்துக்கொள்ளாத பாட்டிகள் பலர் அந்தத் தெருவில் இருந்தார்கள்.

மறக்க வேண்டிய பாடம்

இப்போது படிப்பது ஓராண்டுச் சான்றிதழ் வகுப்பு. சனி, ஞாயிறு மட்டும். முதல் வாரம் ஆசிரியர் கொடுத்த வேலை எளிமையானதுதான்: யாரும் கேமராவைப் பார்க்காத பத்துப் படங்கள் எடுத்து வர வேண்டும்.

“என்னால ஒண்ணுகூட எடுக்க முடியல. 20 வருஷமா ‘இங்க பாருங்க, சிரிங்க, தலையைக் கொஞ்சம் சாய்ங்க’ன்னே பழகிட்டேன். அந்தச் சின்னப் பசங்க நூறு நூத்தம்பதுன்னு எடுத்துட்டு வந்தாங்க. அன்னைக்கு பஸ்ல திரும்பி வரும்போது விட்டுடலாமான்னு தோணுச்சு.”

விடவில்லை. அடுத்த வாரம் முழுக்கத் தன் தெரு டீக்கடையில் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். முதல் இரண்டு நாள் எல்லோரும் போஸ் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள். நான்காம் நாள் அவருக்குப் படம் கிடைத்தது. நூறு நாள் வேலை முடிந்து வந்த நான்கு பெண்கள், மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாரோ சொன்ன எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கும் படம்.

அனுபவம் கையின் வேகத்தைக் கூட்டும். அதே பழக்கம் கண்ணைக் கட்டியும் போடும். இதை ஒப்புக்கொள்ள வயதானவர்களுக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அவர் ஒப்புக்கொண்டார்.

கருப்பு நிறத்தின் கணக்கு

நாம் கேட்ட எல்லாவற்றிலும் இதற்குத்தான் அவர் நீண்ட பதில் சொன்னார். உங்கள் பாணி என்ன?

பதிலுக்கு இரண்டு ஆல்பங்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று ஆறு வருடங்களுக்கு முன் நம் ஆட்கள் வீட்டுக் கல்யாணம். மணமக்கள், மாமன், மச்சான், அத்தை எல்லோரும் ஒரே சந்தன நிறத்தில் இருந்தார்கள். கம்ப்யூட்டரில் முகங்களை வெளுத்திருந்தார். எல்லா ஸ்டுடியோக்களும் செய்வதுதான். வாடிக்கையாளர் கேட்பதும் அதைத்தான்.

வகுப்பில் இந்த ஆல்பத்தைக் காட்டியபோது ஆசிரியர் ஒன்றுதான் கேட்டாராம்: “இவங்க எல்லாம் உங்க சொந்தக்காரங்களா? உங்க நிறத்துல ஒருத்தர்கூட இல்லையே?”

“சுருக்குன்னு இருந்துச்சு. எங்க அம்மா முகத்தையே வெளுத்து வெச்சிருக்கேன் சார், நான்.”

இந்த வெளுப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வண்ண ஃபிலிம் காலத்தில், கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இருப்பார். அவர் தோலின் நிறம் சரியாக வந்தால் அச்சு சரி என்பது கணக்கு. அதற்கு ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர். கருத்த தோலின் நுணுக்கங்கள் அந்தக் கணக்கில் இல்லை. பிற்காலத்தில் கரும்பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று மரச்சாமான், சாக்லேட் கம்பெனிகள் புகார் சொன்ன பிறகே ஃபிலிமைத் திருத்தும் வேலையில் வேகம் பிறந்தது.

இன்றைய டிஜிட்டல் கேமராவிலும் ஒரு சிக்கல் உண்டு. கேமராவின் ஒளிமானி தான் பார்க்கும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எடுத்துக்கொள்கிறது. கருத்த முகம் ஒன்று வெள்ளைச் சட்டை போட்டு வெள்ளைச் சுவர் முன் நின்றால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் கேமரா குறைத்துவிடும். முகம் இருண்டு போகும். அதே முகம் படம் முழுவதையும் நிறைத்தால், வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டிவிடும். முகம் சாம்பல் பூத்துப் போகும். முதல் நிலையில் எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும், இரண்டாவதில் குறைக்க வேண்டும்.

“இது தெரிஞ்சா போதும், வெளுக்கவே வேணாம்” என்கிறார். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடிப்பதை நிறுத்திவிட்டார். காலை, மாலையில் வாசல் திண்ணையில் உட்காரவைத்து, ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி எடுக்கிறார். மறுபக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்று. செலவு சொற்பம். கருப்பு முகத்தில் கன்னத்து எலும்பும் நெற்றி வியர்வையும் மின்னுகின்றன.

இரண்டாவது ஆல்பம் போன தை மாதத்துக் கல்யாணம். எல்லோரும் அவரவர் நிறத்தில் இருந்தார்கள். “மாப்பிள்ளையோட அம்மா பாத்துட்டு, ‘என்னப்பா, என்னைக் கருப்பா எடுத்துட்ட’ன்னாங்க. ‘இல்ல சின்னம்மா, உன்னை உன்னாட்டம் எடுத்திருக்கேன்’னேன். ரெண்டு நாள் கழிச்சு ஃபோன் பண்ணி, அதையே பெருசா ஒண்ணு போட்டுக் குடுன்னு கேட்டாங்க.” எல்லோரும் அப்படிக் கேட்கவில்லை. இந்த ஆண்டு மூன்று ஆர்டர்கள் கைவிட்டுப் போயின. அவற்றில் இரண்டு நம் ஆட்களுடையவை.

துடைப்பத்துடன் ஒரு படம்

சில மாதங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து நல்ல தொகைக்கு வேலை வந்தது. தூய்மைக் காவலர்களைப் படம் எடுத்துத் தர வேண்டும். அவருடைய பெரியம்மாவே பஞ்சாயத்தில் தூய்மைக் காவலர். கேமராவோடு போனதும் பெரியம்மா, “இருப்பா, குளிச்சிட்டுப் பட்டுப்புடவை கட்டிக்கிறேன்” என்றார்.

இரண்டு விதமாகவும் எடுத்தார். துடைப்பமும் குப்பை வண்டியுமாக ஒன்று. மகள் கல்யாணத்துப் பட்டுப்புடவையில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்று. நிறுவனம் துடைப்பப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

அந்த வாரம் வகுப்பில் கார்டன் பார்க்ஸ் பற்றிப் பாடம் நடந்தது தற்செயல். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 1912-ல் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் பார்க்ஸ். ரயிலில் உணவு பரிமாறும் வேலை பார்த்தபோது, 25-வது வயதில், அடகுக் கடையில் தன் முதல் கேமராவை வாங்கினார். 1942-ல் வாஷிங்டனில், அரசு அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் எல்லா வாட்சன் என்ற கறுப்பினப் பெண்ணை, அமெரிக்கக் கொடியின் முன் துடைப்பத்துடன் நிற்கவைத்து எடுத்தார். உலகமே அறிந்த படம் அது.

உலகம் அவ்வளவாக அறியாதது அதற்குப் பிறகு நடந்தது. பார்க்ஸ் அந்த ஒரு படத்தோடு போய்விடவில்லை. எல்லா வாட்சனின் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் போய், அவர் பேரப்பிள்ளைகளோடு இருப்பதையும் வழிபடுவதையும் தொடர்ந்து எடுத்தார். துடைப்பம் பிடித்த கைக்கு ஒரு முழு வாழ்க்கை உண்டு என்று அந்தத் தொடர் காட்டியது.

“துடைப்பப் படம் தப்பில்ல சார். அதோட நின்னுடறதுதான் தப்பு” என்கிறார் நம் மாணவர். பெரியம்மாவின் நாளை விடியற்காலையிலிருந்து இரவு வரை இப்போது தொடராக எடுத்துக்கொண்டிருக்கிறார். படிப்பு முடிவில் சமர்ப்பிக்கப்போவதும் அதைத்தான்.

தலித் மக்களின் படம் செய்தியில் எப்போது வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். எரிந்த குடிசை, மறியல், பிணவறை வாசல். இவை வர வேண்டியவையே. ஆனால் இவை மட்டுமே வந்தால் நம் பிள்ளைகள் தங்களை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்? நம் வீடுகளில் மாட்டியிருக்கும் அம்பேத்கர் படத்தைப் பாருங்கள். கோட்டு, டை, மூக்குக்கண்ணாடி, கையில் புத்தகம். உலகம் தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார்.

வளர்ச்சி என்பது எது?

வருமானம் கூடியதா? “இல்ல” என்று நேராகச் சொல்கிறார். எல்லோர் கையிலும் செல்போன். சின்ன விசேஷங்களுக்குக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. பெரிய கல்யாணங்களுக்கு ட்ரோன் வைத்திருக்கும் நகரத்து ஸ்டுடியோக்கள் வருகின்றன. வகுப்புக்குப் போகும் நாட்களில் முகூர்த்தங்களும் வருகின்றன. கட்டணம் ஒரு செலவு, விட்ட ஆர்டர் இன்னொரு செலவு. மனைவி தையல் வேலையில் வீட்டைத் தாங்குகிறார்.

ஆனால் வேறு கதவுகள் திறக்கத் தொடங்கியிருக்கின்றன. ஆவணப்படக் குழு ஒன்று உதவிக்கு அழைத்திருக்கிறது. வழிகாட்ட முன்னோடிகளும் இருக்கிறார்கள். மும்பையின் துப்புரவுத் தொழிலாளர்களை ஆண்டுக்கணக்கில் படம் எடுத்த சுதாரக் ஓல்வேக்கு 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மதுரையைச் சேர்ந்த பழனிக்குமார், மலக்குழி மரணங்களைப் பேசிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மீன் விற்ற தன் தாயின் உழைப்பையே படமாக்கியவர். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒளிப்படம் கற்றுக்கொடுப்பவர். கார்டன் பார்க்ஸ் ‘லைஃப்’ இதழின் பணியில் சேர்ந்தது 1948-ல். ஹாலிவுட் படத்தை இயக்கியபோது அவருக்கு வயது 56.

“நான் 44-ல ஆரம்பிக்கிறேன். இன்னும் நேரம் இருக்கு” என்கிறார்.

கேமரா வாங்கவோ ஸ்டுடியோ வைக்கவோ நினைக்கும் நம் இளைஞர்கள் தாட்கோ அலுவலகத்தில் சுயதொழிலுக்கான மானியக் கடன் பற்றிக் கேளுங்கள். சாதிச் சான்றிதழையும் வாங்கப்போகும் பொருளுக்கான கொட்டேஷனையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கேமரா இல்லாதவர்கள் செல்போனிலேயே தொடங்கலாம். அவர் சொல்லும் முதல் வேலை இதுதான்: உங்கள் தெருவின் மூத்தவர்கள் பத்துப் பேரை, அனுமதி கேட்டு, திண்ணை வெளிச்சத்தில் எடுங்கள். ஒவ்வொரு படத்தோடும் பெயர், ஊர், தேதி எழுதிவையுங்கள். பெயர் இல்லாத படம் நாளைக்கு ‘யாரோ ஒரு கிழவி’ ஆகிவிடும்.

கிளம்பும்போது ஒரு திட்டத்தைச் சொன்னார். வரும் ஏப்ரல் 14 அன்று காலனி சமுதாயக் கூடத்தில் பெரியம்மாவின் படங்களைக் கண்காட்சியாக வைக்கப்போகிறார். ஊர்க்காரர்களையும் அழைக்கப்போகிறார். ஒவ்வொரு படத்தின் கீழும் படத்தில் இருப்பவர் பெயர் இருக்கும்.

எடுத்தவர் பெயர்? நாம் கேட்டோம்.

கொஞ்ச நேரம் பேசாமல் கேமராவின் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். “போடணும் சார். எல்லார் பேரையும் எழுதச் சொல்லிட்டு, நான் மட்டும் ஒளிஞ்சிக்க முடியுமா? ஏப்ரல்ல வாங்க. அதுக்கப்புறம் நீங்களும் போட்டுக்கலாம்.”

போவோம்.